முள்ளி நிறுத்திய மூன்று பெயர்கள்

ஆற்றங்கரைக் காட்டில் முள்ளி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. வெள்ள அறிவிப்புக் கணினி அதன் பொறுப்பில் இருந்தது. ஆற்றில் நீர் ஏறினால் கணினி மேட்டிலுள்ள சங்கை ஊதும். உடனே தாய் விலங்குகள் பள்ளத்திலிருக்கும் குட்டிகளை மேட்டுக்குக் கூட்டிப்போகும்.

ஐப்பசி மழை பிடித்த நான்காம் நாள் கணினி மந்தமாகிவிட்டது. மழை வரைபடத்தைத் திறந்தால் பாதியிலேயே நின்றது. உள்ளே என்னதான் ஓடுகிறது என்று முள்ளி பட்டியலைத் திறந்தது. தான் திறக்காத மூன்று நிரல்கள், புரியாத பெயர்களில், பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தன. தெரிந்த பெயர் ஒன்றுதான்: நரி அங்கே வந்து விளையாடும் நண்டுப் பந்தயம் என்ற கணினி விளையாட்டு.

மழைக்கு ஒதுங்கிய நரியிடம் முள்ளி அதைக் காட்டியது.

"யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள், அக்கா. தெரியாததையெல்லாம் நிறுத்திவிடு," என்றது நரி.

மூன்றையும் நிறுத்தியது முள்ளி. கணினி கொஞ்சம் வேகம் பிடித்தது. நரி திருப்தியாகப் போய்விட்டது. முள்ளிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மழை வலுத்துக்கொண்டே போகிறது, சங்கோ வாய் திறக்கவில்லை.

சற்று நேரத்தில் நீர்நாய் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"தண்ணீர் நாணலைத் தாண்டிவிட்டது. சங்கு ஏன் ஊதவில்லை? மான்குட்டிகள் பள்ளத்தில் இருக்கின்றன!"

முள்ளியின் முட்களெல்லாம் சிலிர்த்தன. நிறுத்தியவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் ஓடவிட்டது. இரண்டாவது ஓடத் தொடங்கியதும் சங்கு அலறியது. ஆற்றின் மட்டத்தை அளந்துகொண்டிருந்தது அதுதான்.

மான்கள் பதறி ஓடின. கடைசிக் குட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. நீர்நாய்தான் அதை முட்டித் தள்ளிக் கரையேற்றியது.

மழை விட்டதும் முள்ளி ஒவ்வொரு பெயரும் என்ன வேலை செய்கிறது, கணினியின் நினைவகத்தில் எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று பொறுமையாகப் பார்த்தது. ஒன்று வரைபடத்தைச் சேமித்தது, இன்னொன்று கடிகாரத்தைச் சரிசெய்தது. மூன்றும் கொஞ்சமாகத்தான் தின்றன. கணினியைத் திணறடித்தது நண்டுப் பந்தயம். தான் மூடிவிட்டுத்தான் போனதாக நரி சாதித்தது. திரையில் மூடியிருந்தாலும் உள்ளே அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"பெயர் தெரிந்ததால் இதை நான் சந்தேகப்படவே இல்லை," என்று சொல்லி முள்ளி அதை நிறுத்தியது. வரைபடம் சட்டென்று திறந்தது.

பழகிய பெயர் என்று நம்பிவிடாமலும், புதிய பெயர் என்று பயந்துவிடாமலும், எது என்ன வேலை செய்கிறது என்று அறிந்த பிறகே அதன்மேல் கை வைக்க வேண்டும்.