கொடுவாத் தலைக்கு ஒரு பங்காளி

கடலோரத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. எவ்வளவு பெரியது என்கிறீர்களா? அரசர் கோட்டை வாசலில் நின்று தும்மினால், எல்லைக் காவல்காரன் அங்கிருந்தபடியே "நூறாயுசு!" என்று வாழ்த்துவான். அவ்வளவுதான்.

அரசர் பெயர் வீரமாறன். அவர் சபையில் அப்பாவு என்று ஒரு விகடன் இருந்தான். அவன் பிறந்தது மழை எட்டிப் பார்க்காத பொட்டல் காட்டில். பதினைந்து வருடத்துக்கு முன் வேலை கேட்டு வந்த நாளில் அரசர், "மீன் சாப்பிடுவாயா?" என்று கேட்டார். "கடலில் போவதில் கப்பலைத் தவிர எல்லாவற்றையும் தின்றவன் நான்" என்றான் அப்பாவு. அரசர் சிரித்தார், வேலை கிடைத்தது. ஆனால் அரண்மனை விருந்துகளில் அவன் பங்கு மீன் முழுவதும் இலையோரம் வந்த பூனைக்கே போனது. பூனை பருத்தது. மீன் பிரியன் என்ற அவன் புகழும் கூடவே பருத்தது.

அந்தச் சமயத்தில் துறைமுகத்தில் சவரியம்மாள் என்ற அம்மாள் ஒரு விருந்துச்சாலை திறந்தாள். பட்டுத் திரை, வெள்ளித் தட்டு, கை கழுவப் பன்னீர். கப்பல் வியாபாரிகள் மூன்று நாள் முன்பே சொல்லி வைத்தால்தான் இடம். அரசருக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

"முகத்துதி கேட்டுக் கேட்டு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை" என்றார். "வியாபாரி வேஷத்தில் போவோம். நான், மந்திரி தில்லைநாயகம், அப்பாவு. மூன்று நண்பர்கள், அவ்வளவுதான். என்னை மாறன் என்றே கூப்பிட வேண்டும். அந்த மேசையில் சொல்லாலோ செயலாலோ என்னை அரசனாக்குகிறவன் எவனாயிருந்தாலும், மறுநாள் முதல் சபையில் கால் வைக்கக் கூடாது!"

மந்திரி மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அப்பாவுவைச் சபையை விட்டு விரட்ட அவர் ஐந்து வருடமாக நாள் பார்த்தவர். அப்பாவுவுக்கோ பேச்சைத் தவிர வேறு தொழில் தெரியாது. அந்த இருக்கை போனால் பொட்டல் காட்டில் போய் ஓணானிடம்தான் விகடம் சொல்ல வேண்டும்.

மூவரும் போய் உட்கார்ந்தார்கள். சவரியம்மாள் தன் கையாலேயே ஒரு முழுக் கொடுவா மீனைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு முழ நீளம். மசாலா மணம் பக்கத்து மேசைக்காரனையும் திரும்ப வைத்தது.

"எங்க கடற்கரையில ஒரு முறை உண்டு ஐயா. பந்தியில பெரியவர் யாரோ, அவருக்குத்தான் மீன் தலை. உங்கள்ல யாருக்கு வைக்கட்டும்?"

"அப்பாவு பரிமாறட்டும் அம்மா. மீன் விஷயம் அவனுக்குத்தான் தெரியும்" என்றார் மந்திரி, தேன் ஒழுக.

அப்பாவு கரண்டியை வாங்கிக்கொண்டு அரசரைப் பார்த்தான். அரசர் மீன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை என்றால் அவருக்கு உயிர். அவருக்கு வைத்தால் அவரைப் பெரியவராக்கியதாகும், வேலை போகும். மந்திரிக்கு வைத்தால் அரசர் வயிறெரிவார், அப்போதும் வேலை போகும். மீன் வாயைத் திறந்து அவனைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது.

சட்டென்று தலையை எடுத்துத் தன் தட்டிலேயே போட்டுக்கொண்டான்.

"என்னப்பா இது?" என்றார் அரசர். குரலில் உப்புக் கூடியிருந்தது.

"மாறா, சபையில்தான் பெரியவருக்குத் தலை. நண்பர்களுக்குள் எவன் வெட்கங்கெட்டவனோ அவனுக்குத் தலை."

அரசர் வேறு வழியில்லாமல் சிரித்தார். மந்திரி விடவில்லை. "சாப்பிடு அப்பாவு. நீ தலை தின்னும் அழகைப் பார்த்து நாங்களும் கற்றுக்கொள்கிறோம்."

அப்பாவு குனிந்து மேசைக்கடியில் பார்த்தான். சவரியம்மாள் சுத்தக்காரி. பூனை இல்லை.

"கன்னத்துச் சதையை மொதல்ல எடுங்க ஐயா" என்றாள் அவள், இரக்கப்பட்டு. அவன் கன்னம் என்று நினைத்து எதையோ பிய்த்தான், வாயில் போட்டான், பெருமையாக விழுங்கினான். அடுத்த நொடி கண் பிதுங்கியது. முள்!

கையை ஆட்டினான். கழுத்தைப் பிடித்தான். முகம் நாவற்பழமாகியது. அரசர் பதறி எழுந்து, கூடமே அதிர, "யாரங்கே! அரண்மனை வைத்தியரை இழுத்து வாருங்கள்! இது அரச கட்டளை!" என்று கத்தினார்.

"உத்தரவு மகாராஜா!" என்று மந்திரி மூன்று முறை குனிந்து கும்பிட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். கப்பல் வியாபாரிகள் எல்லோரும் எச்சில் கையோடு எழுந்து நின்றார்கள்.

சவரியம்மாள் மட்டும் அசையவில்லை. ஒரு வாழைப்பழத்தை உரித்து அப்பாவுவின் வாயில் திணித்தாள். "மெல்லாதீங்க. முழுங்குங்க." முள் இறங்கியது. போன உயிர் திரும்பியது. உயிருக்குப் பின்னாலேயே நாக்கும் திரும்பியது.

"மாறா" என்றான் அப்பாவு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உன்னை அரசனாக்குகிறவன் எவனாயிருந்தாலும் என்றுதானே சொன்னாய்? முதலில் கட்டளை போட்டது நீ. மகாராஜா என்று கும்பிட்டது மந்திரி. ஆக, நாளை முதல் சபையில் நான் ஒருவன்தான்."

வாசலில் மந்திரி சிலையாக நின்றார். அரசரின் வாய் கொடுவாவின் வாயைப் போலத் திறந்துகிடந்தது.

"ஆனால் ஆளில்லாத சபையில் என் விகடத்துக்கு யார் சிரிப்பார்கள்? நானே சொல்லி நானே சிரித்தால் ஊரார் வேப்பிலை அடிப்பார்கள். தயவு செய்து நீங்கள் இருவரும் வந்துவிடுங்கள்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடேயப்பா! எங்களைச் சிக்கவைக்கத்தான் முள் மாட்டியதுபோல நடித்தாயா?"

உண்மையைச் சொன்னால் பதினைந்து வருடப் புளுகு பாழாகும். அப்பாவு அடக்கமாகத் தலை குனிந்தான். "ஏதோ, எனக்குத் தெரிந்த வித்தை."

"பலே! இனி இந்த ராஜ்யத்தில் எந்த விருந்தானாலும் மீன் தலை உனக்குத்தான். இப்போது நான் மறுபடியும் அரசன். இது என் உத்தரவு!"

அப்பாவு சவரியம்மாளைப் பார்த்தான். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தட்டில் இருந்த தலையைப் பார்த்தான். தொண்டையைத் தடவினான்.

"தங்கள் சித்தம் மகாராஜா" என்றான். "கூடவே ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் அந்த உத்தரவில் சேர்த்துவிடுங்கள்."