உள்வீட்டு விலாசம்

தமயந்தியிடம் நெட்வொர்க் வேலை பழக வந்தவர்களில் ஞானசிகாமணிதான் மூத்தவர். அறுபத்திரண்டு வயது. சர்வே ஆபீசில் ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் கேள்வியோடு வருவார்கள், இவர் தீர்ப்போடு வருவார்.

அன்றும் அப்படித்தான் வந்தார்.

"டீச்சர், என் மக பியூலா மஸ்கட்டுல இருக்கா. அவ அம்மா சாகுறதுக்கு முன்னால அவளுக்குன்னு பேசி வச்ச பதிவெல்லாம் என் கம்ப்யூட்டர்ல கெடக்கு. வெளியில இருந்து எடுத்துக்கிடுத மாதிரி எஃப்டிபின்னு ஒரு வழி போட்டு, பேரும் பாஸ்வேர்டும் என் தங்கச்சி மூலமா சொல்லி விட்டேன். வரமாட்டேங்குதாம். கோளாறு அவ பக்கம்தான்."

"வாட்ஸ்அப்ல நீங்களே அனுப்பிறலாமே அண்ணாச்சி?"

"நான் அவகூடப் பேசுறதில்ல. வேணும்னா அவ வந்து எடுத்துக்கிடட்டும்."

"கோளாறு அவ பக்கம்னு எப்படித் தெரியும்?"

"நான் போட்டுப் பாத்தேனே. பட்டுன்னு தொறக்குது."

"எங்க இருந்து பாத்தீங்க?"

"என் வீட்ல இருந்துதான். வேற எங்க இருந்து?"

தமயந்தி அவர் வீட்டுக்குப் போனாள். உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே தெருவில் நின்று, அவர் போனில் வீட்டு வைஃபையை அணைத்து அவரிடமே கொடுத்தாள்.

"இப்ப உங்க மக மாதிரி வெளியில நின்னு கேளுங்க."

வீட்டுக் கம்ப்யூட்டர் பெயர் கேட்டது. கொடுத்தார். பாஸ்வேர்டு கேட்டது. அதையும் கொடுத்தார். சரி என்றது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. தன் வீட்டுக்கு எதிரே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் இணைப்பு அறுந்தது.

"சரின்னு சொல்லிட்டு ஏன் டீச்சர் இப்படிப் பண்ணுது?"

"பேசுறதுக்கு ஒரு வழி, பொருளைக் கொடுக்கிறதுக்கு வேற வழி. ரவுட்டர்ல முதல் வழியை மட்டும் தொறந்து வச்சிருக்கீங்க. ரெண்டாவதுக்கு இங்க வான்னு உங்க கம்ப்யூட்டர் ஒரு விலாசம் சொல்லுது. அது இந்த வீட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும் செல்லுற விலாசம். மஸ்கட்டுல இருக்கிறவ அதை வச்சுக்கிட்டு எங்க போவா?"

பிறகு உள்ளே போய் இரண்டையும் சரிசெய்தாள். அவரை மறுபடி தெருவுக்கு அனுப்பினாள். இந்த முறை பட்டியல் வந்தது. பதினேழு பதிவுகள். ஒவ்வொன்றின் பெயரும் 'பியூலாவுக்கு' என்றுதான் ஆரம்பித்தது.

அவர் திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"இனிமேயாவது வந்து எடுக்காளான்னு பாப்போம். ஆறு வருசமா இந்த வீடும் அவளுக்குத் தொறந்துதான் கெடக்கு டீச்சர். பெத்தவ சாவுக்குக்கூட வரல. நான் வராதன்னு சொன்னேனா? வரணும்னு அவளுக்குத் தோணவே இல்ல."

தமயந்தி மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வந்து போனவர்களைக் கம்ப்யூட்டர் தானாக எழுதி வைத்திருக்கும் குறிப்பைத் திறந்து, மஸ்கட்டிலிருந்து வந்த வரிகளை மட்டும் பிரித்து அவர் பக்கம் திருப்பினாள்.

பியூலா. பெயர் சரி, பாஸ்வேர்டு சரி, இணைப்பு அறுந்தது. மறுநாள் அதே. அதற்கு மறுநாள் இரண்டு முறை. அவர் விரலை வைத்து வரிவரியாகக் கீழே வந்தார். கடைசி வரி போன செவ்வாய்க்கிழமையுடையது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

"பதினோரு தடவை வந்திருக்கா, அண்ணாச்சி."