ஒரு சாண் தண்ணீர்

"கொறை என் உக்காவுல இருக்க முடியாது" என்றார் ஏகாம்பர வைத்தியர். "இருந்தாலும் ஒரு தடவ பாத்துச் சொல்லும்மா."

ஹாஜிரா பீ பார்த்தாள்.

பாலாற்றங்கரையில் இருந்தது அவளுடைய பட்டறை. நவாபு காலம் அது. தண்ணீர் வழியாகப் புகை இழுக்கும் உக்காவைத் தேங்காய் ஓட்டில் செய்வதற்கு அந்தச் சீமையில் அவளை விட்டால் ஆள் கிடையாது. வயது முப்பதுகூட ஆகவில்லை. நரைத்த தாடிக்காரர்கள்கூட அவளை உஸ்தாது, அதாவது ஆசான், என்றுதான் கூப்பிட்டார்கள். வைத்தியருக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்தச் சொல் அவர் வாயில் வருவதாக இல்லை.

அவர் கொண்டுவந்த உக்கா முழு வெண்கலம். அடிப்பாகம் தண்ணீர்க் குடம் அளவு இருந்தது. இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து இறக்கினார்கள்.

ஹாஜிரா பீ அதை விரலால் தட்டினாள். ணங் என்றது.

"இது பூஜைக்கா, புகைக்கா?"

"வைத்தியத்துக்கு" என்றார் அவர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

விஷயம் இதுதான். வைத்தியரின் மனைவி சௌந்தரத்துக்கு இளைப்பு நோய். போன ஐப்பசி மழையில் மூன்று நாள் படுக்கவே முடியாமல் உட்கார்ந்தபடி மூச்சுக்கு அல்லாடினாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. அவள் பிழைத்தது மறுபிறவி.

சுற்றுப்பட்ட நாற்பது ஊரில் இளைப்பை விரட்டிய கை வைத்தியருடைய கை. சொந்த வீட்டில் அது தோற்றது. அடுத்த ஐப்பசியை அவள் தாங்குவாளா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று யாரிடமும் சொல்லவும் அவருக்கு வரவில்லை. பயந்துபோயிருந்தார் மனிதர்.

காய்ந்த ஆடாதோடை இலையின் புகையைக் கொடுத்துப் பார்க்க நினைத்தார். நேரே கொடுத்தால் சூடு தொண்டையைச் சுட்டு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. தண்ணீருக்குள் புகுந்து வந்தால் குளிர்ந்து வரும். அதற்குத்தான் உக்கா. தாமே படம் வரைந்து, தாமே பக்கத்தில் நின்று வார்ப்பித்தார்.

"நான் இழுத்தா அருமையா வருது. அவ இழுத்தா ஒண்ணும் வரல. பலமா இழுன்னு அஞ்சு மாசமாச் சொல்றேன், கேட்டாத்தானே" என்றார்.

ஹாஜிரா பீ எழுந்து போய் ஒரு முற்றிய தேங்காயைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"நீங்களே ஒண்ணு செய்யுங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"செஞ்சு முடிங்க. ஐப்பசிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குது."

வைத்தியருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தேங்காயை வைத்துவிட்டு விறுவிறுவென்று ஆற்று மணல்வரை நடந்தார். அங்கே நின்றார். சௌந்தரத்தின் நெஞ்சுக்குள் கேட்கும் அந்த விசில் சத்தம் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து தேங்காயை எடுத்துக்கொண்டார்.

*

தேங்காயின் கண்ணைத் துளைத்துப் பருப்பை வழித்தெடுக்கவே நான்கு நாள் ஆயிற்று. உச்சியில் ஒரு துளை. அதில் நடுத்தண்டு நிற்கும், தண்டின் தலையில் இலையும் தணலும் வைக்கும் மண்கிண்ணம். பக்கவாட்டில் இன்னொரு துளை. அதில் வாய் வைத்து இழுக்கும் குழல். பார்ப்பதற்கு இவ்வளவுதான்.

வைத்தியர் இரண்டையும் ஆழமாகச் செருகினார். தண்ணீர் ஊற்றினார். தணல் வைத்து இழுத்தார்.

வாய் நிறையத் தண்ணீர் வந்தது.

பட்டறையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அந்த நேரம் பார்த்துக் கூரையில் ஏதோ வேலை இருந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாஜிரா பீ மட்டும் சிரிக்காமல் ஒரு துண்டை நீட்டினாள்.

"தண்டு முங்கணும். குழல் முங்கக் கூடாது."

"ஏன்?"

"ரெண்டும் முங்கினா தண்ணி குடிக்கலாம். ரெண்டும் முங்காட்டி நெருப்பைக் குடிக்கலாம்."

அடுத்த தேங்காயில் குழல் தண்ணீருக்கு மேலே, வெற்றிடத்தில் நின்றது. இந்தமுறை தண்ணீரும் வரவில்லை, புகையும் வரவில்லை. கண் பிதுங்க இழுத்தும் வெறும் காற்றுதான். தண்டை ஆட்டினார், தணலை ஊதினார், இலையை மாற்றினார். கடைசியில் தேங்காயைத் திட்டினார்.

அவள் ஒரு கோழியிறகை எடுத்துத் தண்டும் ஓடும் சேரும் இடத்தில் பிடித்தாள். இழுக்கச் சொன்னாள். இறகு நகர்ந்துபோய் அந்த இடுக்கில் ஒட்டிக்கொண்டது.

மயிரிழை அளவு சந்து. அவ்வளவுதான்.

"மூச்சு சோம்பேறிங்க. சும்மா வர ஒரு வழி இருந்தா, அது நெருப்பைத் தாண்டித் தண்ணியைத் தாண்டி ஏன் வரப்போவுது?"

வைத்தியர் புதுத் தேங்காய் ஒன்றில் துணி நாடாவைத் தேன்மெழுகில் தோய்த்துச் சுற்றி அடைத்தார். மூன்றாவது தேங்காய் பேசியது. குடுகுடு குடுகுடு என்று குமிழி விட்டுக்கொண்டு, குளுகுளுவென்று புகை வந்தது. சந்தோஷத்தில் அன்று அவருக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை.

சந்தோஷம் வந்ததும் கூடவே பழைய திமிரும் வந்துவிட்டது.

*

மறுநாள் காலையில் வந்ததும் வராததுமாக விவாதத்தைத் தொடங்கினார். தொழில் பிடிபட்டுவிட்டதாம். ஆனால் தொழிலிலேயே ஒரு குறை இருக்கிறதாம். இந்தப் பட்டறைத் தேங்காய்களில் தண்டு தண்ணீருக்குள் ஒரு விரல்தான் முங்குகிறது. தம்முடைய வெண்கலத்தில் ஒரு சாண் முங்குகிறது. புகை எவ்வளவு தூரம் தண்ணீருக்குள் வருகிறதோ அவ்வளவு அழுக்கு கழியுமல்லவா? இதுகூடவா தெரியாமல் இத்தனை வருஷம் தொழில் செய்கிறார்கள்?

ஹாஜிரா பீ வெள்ளைத் துணியில் இரண்டு துண்டு கிழித்தாள். ஒன்றை வெண்கலத்தின் குழல் வாயில் கட்டி, அந்தத் துணி வழியாகப் புகையை இழுக்கச் சொன்னாள். மற்றொன்றைத் தேங்காயின் குழல் வாயில் கட்டி அதேபோல் செய்யச் சொன்னாள். அவிழ்த்து இரண்டையும் அவர் முன்னால் போட்டாள்.

"எது ஒரு சாண், எது ஒரு விரல்?"

இரண்டிலும் ஒரே பழுப்புக் கறை. வைத்தியர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். சொல்ல முடியவில்லை.

"தண்ணி சூட்டைத்தான் வாங்கிக்கும். புகையைக் கழுவித் தராது."

வைத்தியர் நல்ல மூளைக்காரர்தான். கண்ணால் கண்டதை மறுக்கிற ஆளும் இல்லை.

"அப்போ அந்த ஒரு சாண் எதுக்கு, உஸ்தாது?"

வந்துவிட்டது அந்தச் சொல். அவரே கவனிக்கவில்லை.

ஹாஜிரா பீ பதிலுக்கு, மூச்சை எவ்வளவு நேரம் அடக்குவீர்கள் என்று கேட்டாள். அதைக் கேட்டால் வைத்தியருக்குத் தாங்குமா? நாற்பது வருஷமாக விடியற்காலையில் பிராணாயாமம் செய்வதையும், ஆற்றில் முங்கினால் நூறு எண்ணும்வரை எழாததையும் விரிவாகச் சொன்னார். மார்பை விரித்தும் காட்டினார். நிஜமாகவே அகலமான மார்பு.

அவள் முரட்டுத் துணி ஒன்றை நீளமாகச் சுருட்டி அவரிடம் கொடுத்தாள்.

"மூச்சை வெளிய விட்டுட்டு நெஞ்சைச் சுத்திக் கட்டுங்க."

கட்டினார்.

"இறுக்கிக் கட்டுங்க. இன்னும் ஒரு சுத்து."

கட்டினார்.

"இப்ப உங்க வெண்கலத்தை இழுங்க."

இழுத்தார். ஒன்றும் அசையவில்லை. தண்ணீரில் நிற்கிற தண்டுக்குள்ளும் தண்ணீர்தான் இருக்கும். இழுக்கிற மூச்சு, அந்தத் தண்ணீர் முழுவதையும் கீழே இறக்கிவிட்ட பிறகுதான் புகைக்கு வழி கிடைக்கும். விரல் ஆழத்துக்கு விரல் பலம் போதும். ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு சாண் பலம் வேண்டும்.

மறுபடி இழுத்தார். தோள் காதுவரை ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் முன்னால் பூச்சி பறந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை.

கை தானாக முடிச்சை அவிழ்க்கப் போயிற்று.

"அவங்களால அவுக்க முடியுமா?" என்றாள் ஹாஜிரா பீ.

வைத்தியரின் கை அப்படியே நின்றது.

ஐந்து மாதம். தினமும் சாயங்காலம் சௌந்தரம் அந்த வெண்கலத்தின் முன் உட்கார்ந்திருக்கிறாள். பலமா இழு, பலமா இழு என்று அவர் பக்கத்தில் நின்று கத்தியிருக்கிறார். மனசு வைத்தால்தானே, என்றுகூடச் சொல்லியிருக்கிறார். அவள் தோள் ஏற, கண்ணில் நீர் கோக்க இழுத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு நல்லா இழுக்கிறேங்க, என்று அவரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லுவாள்.

கட்டை அவிழ்க்காமலே அவர் அழுதார். கட்டோடு அழுவதும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஹாஜிரா பீ வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவர் அழுது முடிக்கும்வரை ஒரு தேங்காயை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வைத்தியர் எழுந்தார். இனி ஒரு நாள் தாமதிக்க முடியாது.

"எத்தனை விரல் முங்கணும், சொல்லுங்க உஸ்தாது. இங்கயே தண்டை வெட்டிக்கிறேன்."

"எனக்கெப்படித் தெரியும்?"

"உங்களுக்கே தெரியாதா?"

"இழுக்கப்போறது நானா?"

வைத்தியர் தாம் செய்த மூன்றாவது தேங்காயைத் துணியில் கட்டிக்கொண்டு கிளம்பினார். வெண்கலத்தை அங்கேயே விட்டுவிட்டார். ஓடு ஊறப்போட அது மிகவும் வசதியாக இருந்தது என்று பட்டறையில் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

*

அவர் வீட்டுக்கு வந்தபோது சௌந்தரம் முற்றத்து ஓரமாகத் தூணில் சாய்ந்திருந்தாள். உக்காவைப் பார்த்ததும் அவசரமாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். பரீட்சைக்கு உட்கார்கிறவள் மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னிக்கு நல்லா இழுத்துப் பாக்கறேங்க."

வைத்தியர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். இலை வைத்தார், தணல் வைத்தார். தண்ணீர்ச் செம்பை மட்டும் அவள் கையில் கொடுத்தார்.

"எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியாது சௌந்தரம். நீயே ஊத்திக்க."

முப்பத்தைந்து வருஷத்தில் அவர் வாயில் இப்படி ஒன்று வந்ததே இல்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்பதுபோல அவரைப் பார்த்தாள். பிறகு ஊற்றினாள். இழுத்தாள். ஒரு குமிழி வந்து நின்றுவிட்டது.

பலமா என்று ஆரம்பித்த சொல்லை வைத்தியர் பல்லால் கடித்து நிறுத்தினார்.

சௌந்தரம் யோசித்தாள். குழலை எடுத்துவிட்டு ஓட்டைச் சாய்த்தாள். அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் தண்ணீரைத் தரையில் கொட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கொட்டினாள்.

குடுகுடு குடுகுடு.

அவள் தோள் ஏறவில்லை. புகை மெல்ல வந்தது, மெல்லப் போயிற்று. மறுபடி இழுத்தாள். நெஞ்சின் விசில் சத்தம் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது. வைத்தியர் அதைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அவரால் பொறுக்க முடியவில்லை. சூடு தெரிகிறதா, நெஞ்சில் எந்தப் பக்கம் இளகுகிறது, இலை போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று அடுக்கிக்கொண்டே போனார்.

சௌந்தரம் குழலை வாயிலிருந்து எடுத்தாள்.

"கொஞ்சம் சும்மா இருங்களேன். குமிழி சத்தம் கேக்க வேணாமா?"