கோணம்பட்டித் தண்ணீர் பஸ் ஏறின கதை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை. கோணம்பட்டிக்காரன் காதில் விழுந்தால், "இதிலே சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்பான்.

அந்த ஊர்க் குமரையாவின் மகள் சந்தனமாரிக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்தும் சம்பந்தியம்மா அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. "உங்க ஊர்க் குழாய்த் தண்ணி நாறுது. சோதிச்சுச் சீட்டு வாங்கிட்டு வாங்க, பிறகு அனுப்புறேன்" என்றுவிட்டாள். குமரையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சோதனைக்கூடம் சம்பந்தி இருக்கிற டவுனில்தான். அங்கே ஒரு அம்மா பாட்டிலைக் கொடுத்து, "கை படாம பிடிங்க. வெயில் படாம கொண்டு வாங்க" என்றாள்.

ஊர் கூடியது.

"கை படாம குழாயை எப்படிய்யா திறக்கிறது?" என்றார் குமரையா.

ஊருக்கே புத்தி சொல்கிறவன் சடையன். "வாய் படக்கூடாதுன்னு சொன்னாங்களா மாமா?"

"சொல்லலையே."

"பிறகென்ன, கடிங்க."

கடித்தார். குழாய் திறந்தது. முன்பல் ஒன்றும் கூடவே வந்தது. தரையில் உட்கார்ந்து, பாட்டிலை இரண்டு பாதத்துக்கும் நடுவில் இடுக்கித் தண்ணீர் பிடித்தார். நாலு பேர் குடை விரித்து, பஸ்ஸுக்குள்ளும் மடக்காமல், டவுனில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் சீட்டு வந்தது. பாட்டில் தண்ணீரில் கிருமி இருக்கிறதாம்.

"போச்சு, எம்புள்ளை வரமாட்டா" என்று குமரையா சாய்ந்துவிட்டார்.

சடையன் சீட்டை மேலும் கீழும் பார்த்தான். "மாமா, கிருமி எதிலே இருக்காம்?"

"பாட்டில்ல."

"பாட்டில் எங்கே இருக்கு?"

"டவுன்ல."

"அப்போ நம்ம ஊர்ல?"

குமரையா யோசித்தார். "ஒண்ணுகூட இல்லடா!"

ஊரே குலவை போட்டது. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "ஐயையோ, எம்புள்ளை டவுன்லல்ல இருக்கா!"

அடுத்த பஸ்ஸில் இரண்டு பேரும் ஓடினார்கள்.

"சம்பந்தியம்மா, எங்க கிருமி உங்க ஊருக்கு வந்து மூணு நாளாச்சு! பிள்ளைத்தாச்சியை இனிமே இங்கே வைக்கலாமா?"

சம்பந்தியம்மா சீட்டைப் பார்த்தாள். குமரையாவின் முன்பல் போன வாயைப் பார்த்தாள். இவர்களோடு பேசி மாளாது என்று, ரெண்டு கேன் தண்ணீரையும் தூக்கிக் கொடுத்து மருமகளை அனுப்பி வைத்தாள்.

பஸ் புறப்படும் நேரம். சடையனைக் காணோம். கடைசியில் மூச்சிரைக்க வந்து ஏறினான்.

"எங்கடா போனே?"

"சம்பந்தி ஊரும் நல்லா இருக்கணும்ல மாமா? கிருமி வெளியே வந்திரப்படாதுன்னு சோதனைக்கூடத்தைப் பூட்டிட்டு வாரேன்."

"உள்ளே ஆளு இருந்தாங்களேடா?"

"நாலு பேரு. சந்தோஷம் தாங்காம கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்க" என்று சொல்லி, சாவியைப் பத்திரமாக மடியில் முடிந்துகொண்டான் சடையன்.