குருவம்மாள் வைத்த தாம்பூலம்

ரொம்ப காலத்துக்கு முன்னால் வெண்குன்ற நாட்டைச் சூரசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி, அவ்வளவுதான். அவன் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு ஒருவர் சபைக்கு வந்து அதிகாரிகளைக் கேள்வி கேட்கலாம். அதிகாரி பதில் சொல்லிவிட்டு வெற்றிலை பாக்கு நீட்டுவார். வாங்கிக்கொண்டால் கேள்வி முடிந்தது. வாங்காமல் இருக்கலாமே என்பீர்கள். சபையில் நீட்டிய தாம்பூலத்தை மறுத்தால் பிரம்படி!

சித்தாங்கலூர் சார்பில் வருகிறவள் குருவம்மாள். மூன்று வருஷமாக ஒரே கேள்வி: "ஏரிக்கரை வெடித்திருக்கிறதே, எப்போது அடைப்பீர்கள்?" ஏரி அதிகாரி தாண்டவராயர் முதல் வருஷம், "ஆகட்டும், பார்க்கலாம்" என்றார். மறு வருஷம், "ஆள் அனுப்பியாயிற்று" என்றார். வந்த ஆள் கரைமேல் நின்று இளநீர் குடித்துவிட்டுப் போனான். இப்போது ஐப்பசி மழைக்கு நாலே நாள். கரைக்குக் கீழே நாற்பது வீடு. குருவம்மாளுக்கு வயிறு எரிந்தது.

"கரை கோட்டை மாதிரி நிற்கிறது, மகாராஜா" என்றார் தாண்டவராயர் இந்தத் தடவை. "இந்த அம்மாளுக்குக் கேள்வி கேட்பதே பிழைப்பு."

ராஜா சிரித்தான். உடனே சபையும் சிரித்தது. சிரிக்காமல் அங்கே குப்பை கொட்ட முடியுமா? வெற்றிலைத் தட்டு வந்தது. செவிடன் காதில் எத்தனை நாள்தான் சங்கு ஊதுவது என்று நொந்துகொண்டே குருவம்மாள் வாங்கிக்கொண்டாள். பிறகு தன் மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ஐயா, கரையைக் கோட்டையாக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். ஊர் நன்றி சொல்ல வேண்டாமா? கரையடியில் என் வீட்டை ஒழித்து வைத்திருக்கிறேன். வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, மழைக்காலம் முடிகிறவரை எங்கள் விருந்தாளியாகத் தங்க வேண்டும்."

தாண்டவராயரின் கை நீளவே இல்லை.

"வாங்கிக்கொள்ளுமே" என்றான் ராஜா. "சபைத் தாம்பூலம்."

"மகாராஜா... சின்னக் குழந்தைகள்..."

"கோட்டை என்றீரே?"

"வெடிப்பில் ஓர் ஆளே நுழையலாம், மகாராஜா!" என்று அலறிவிட்டார் தாண்டவராயர்.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "இந்தப் பொய்யனைச் சிறையில் தள்ளுங்கள்! அம்மா, உன் சாமர்த்தியத்துக்குச் சரிகைப் புடவை!"

சபை கைதட்டியது. குருவம்மாளுக்கோ எரிச்சல்தான் கூடியது.

"புடவையை வைத்து வெடிப்பை அடைக்கவா, மகாராஜா? இவரைச் சிறையில் போட்டால் மண் சுமக்க ஓர் ஆள் குறையும். மூன்று வருஷமாக இவர் பொய் சொன்னார், சரி. மூன்று வருஷமும் அதைக் கேட்டுத் தலையாட்டியது யார்? அந்தக் கேள்வியை நான் எந்த அதிகாரியிடம் கேட்பது?"

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.  ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கினான். "என்னிடம்தான் கேட்க வேண்டும்" என்றான்.

மறுநாள் சித்தாங்கலூர்க் கரையில் தாண்டவராயர் தலையில் ஒரு மண்கூடை. அவருக்குப் பின்னால் ராஜாவின் தலையிலும் ஒன்று. குருவம்மாள் இடுப்பில் கையூன்றி நின்றுகொண்டு சொன்னாள்:

"அதை அப்படியே கொட்டிவிட்டுப் போகாதீர்கள், மகாராஜா! மிதித்து இறுக்கிவிட்டு அடுத்த கூடைக்குப் போங்கள்."