கரையில் விட்ட ஒரே ஒரு வளை

பெரிய ஏரியின் கரையில் மூக்காயி என்ற பெருச்சாளி குடியிருந்தது. கரைக்கு மேற்கே இருந்த தண்ணீர் மேலக்காட்டுக்குச் சொந்தம். கிழக்கே இருந்த பள்ளம் கீழக்காடு. நடுவில் நின்ற கரை யாருக்குச் சொந்தம்? அங்கேதான் வம்பு!

கரை அரித்தால், “அது உங்க பக்கம்!” என்று கத்தும் மேலக்காடு. “தண்ணி உங்களுது, கரையும் உங்களுதுதான்!” என்று திருப்பிக் கத்தும் கீழக்காடு. இரண்டும் வாய்ச்சண்டை போட்டதே தவிர, ஒரு பிடி மண் அள்ளிப் போட ஆளில்லை.

ஒரு ஐப்பசி மழையில் கரை உடைந்தது. பள்ளத்தில் இருந்த முயல் செவத்தியின் குட்டிகளில் ஒன்று வெள்ளத்தோடு போனது. இரை தேடி அங்கே போயிருந்த மூக்காயியின் மூத்த மகனும் திரும்பி வரவில்லை.

செவத்தி மிச்சக் குட்டிகளோடு மேட்டில் ஒண்டிக்கொண்டது. “அழுது என்னக்கா ஆகப் போகுது? சுத்தி இருக்கிற ஐந்து காட்டுக்கும் பொதுவா ஒரு பேரவை இருக்கே. நீ பேசத் தெரிஞ்சவ. எங்களுக்காக நீ போய்க் கேளு!” என்றது. கீழக்காடு முழுக்க அதையே சொல்லி மூக்காயியை அனுப்பி வைத்தது.

பேரவைக்கு யானைதான் தலைவி. எல்லாரும் அதைப் பெரியம்மா என்பார்கள். மூக்காயி அதன் முன்னால் நின்று பேசியது.

“மேலக்காடு எது, கீழக்காடு எதுன்னு தண்ணிக்குத் தெரியுமா பெரியம்மா? கரை எல்லாருக்கும் பொது. இனிமே யாரும் அதுல வளை தோண்டக் கூடாது. இருக்கிற வளையை எல்லாம் அடைக்கணும். கோடையில ஐந்து காடும் சேர்ந்து மண் சுமக்கணும். சட்டம் போடுங்க!”

மகனைப் பறிகொடுத்தவள் பேச்சு அல்லவா? சபையில் கண் கலங்காதவர் இல்லை. “போட்டாச்சு!” என்றது யானை.

அந்தப் பேரவையில் ஒரு வழக்கம் உண்டு. சட்டத்துக்குச் சம்மதம் என்றால் ஈரக் களிமண்ணில் கால் பதிக்க வேண்டும். சட்டம் கேட்டவரே முதலில் பதிக்க வேண்டும். மூக்காயி காலைத் தூக்கியது. தூக்கிய கால் அப்படியே நின்றது.

அதன் வளையும் கரையில்தானே இருந்தது! உள்ளே, பிறந்த குட்டிகள் இன்னும் கண் திறக்காமல் கிடந்தன.

“பெரியம்மா, குட்டிங்க கண் திறக்கிற வரைக்கும் என் வளையை மட்டும் விட்டுடுங்க. ஒரே ஒரு வளைதானே!”

“நீ கேட்ட சட்டம், மூக்காயி!”

“தனக்கு மிஞ்சித்தானே தானமும் தருமமும்? பச்சைக் குட்டிங்க பெரியம்மா!”

பாவம், பெற்ற வயிறு. யானைக்கு மறுக்க மனம் வரவில்லை. சரி என்று சொன்னதுதான் தாமதம், மேலக்காட்டு நண்டு கொடுக்கைத் தூக்கியது.

“பெருச்சாளிக்கு ஒரு நியாயம், நண்டுக்கு ஒரு நியாயமா? என் வயித்துலயும் முட்டை இருக்கு!”

“எனக்குக் குளிர் ஆகாது!” என்றது முள்ளம்பன்றி.

“என் அப்பன் பாட்டன் இருந்த வளை!” என்றது கீரி.

ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது. அப்புறம் என்ன, எல்லாரும் சிரித்த முகத்தோடு கால் பதித்தார்கள்.

“சட்டம் ஆச்சா அக்கா?” என்று ஓடி வந்தது செவத்தி.

“ஆச்சு! எல்லாரும் கால் பதிச்சாச்சு. இனி பயமில்லை, பள்ளத்துக்கே குடி போ!” என்றது மூக்காயி. தான் கேட்டு வாங்கிய சலுகையைச் சொல்ல அதற்கு நாக்கு எழவில்லை. செவத்தி அன்றைக்கே குட்டிகளைப் பள்ளத்துக்குக் கூட்டிப் போனது.

கோடையில் ஐந்து காடும் மண் சுமந்தன. கரை உயர்ந்தது. மூக்காயியின் குட்டிகளும் கண் திறந்தன. “வெயில் தாழட்டும், வளையை விட்டுடலாம்” என்று நாளைக் கடத்தியது மூக்காயி. அதற்குள் அடுத்த ஈற்று வந்துவிட்டது. அந்தக் குட்டிகளும் கண் திறக்கவில்லையே!

மறுபடி ஐப்பசி வந்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை! ஏரி தளும்பியது. ஆனாலும் கரையின் தலை அசையவில்லை. ஒரு மத்தியானம் மூக்காயியின் வளையில் பின்சுவர் கசிந்தது. அடுத்த நொடி, அந்தப் பக்கம் இருந்த நண்டின் வளை வழியே தண்ணீர் பீறிட்டு வந்தது. நண்டு ஏரிப் பக்கமிருந்து தோண்ட, பெருச்சாளி பள்ளத்துப் பக்கமிருந்து தோண்ட, ஏரிக்கு நேர்வழி கிடைத்துவிட்டது!

மூக்காயி மண்ணை அள்ளி அடைத்தது. நிற்கவில்லை. முதுகைக் கொடுத்து அடைத்தது. அதுவும் நிற்கவில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கரைமேல் கொண்டு போட்டது.

“செவத்தி! ஓடு! மேட்டுக்கு ஓடு!”

மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மூக்காயியின் வளை இருந்த இடத்தில் கரை பிளந்தது.

மழை ஓய்ந்தபோது செவத்தி மேட்டில் தனியாக உட்கார்ந்திருந்தது. மூக்காயி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனது.

“சட்டம் போட்டாச்சுன்னு சொன்னியே அக்கா. அதை நம்பித்தானே பிள்ளைகளைப் பள்ளத்துக்குக் கூட்டிப் போனேன்.”

மூக்காயியின் குட்டிகள் ஒன்று குறையாமல் காலடியில் பாலுக்கு முட்டிக்கொண்டிருந்தன. அதை நினைத்துச் சந்தோஷப்படக்கூட அந்தத் தாயால் முடியவில்லை.

உடைந்த கரையில் மறுபடி பேரவை கூடியது. “இந்தத் தடவை யாருக்காவது சலுகை வேணுமா?” என்று கேட்டது யானை. நண்டு கொடுக்கைத் தூக்கவில்லை. கீரி தலையைக் குனிந்துகொண்டது. மூக்காயி களிமண்ணில் காலை அழுத்திப் பதித்தது. பிறகு ஒரு கட்டி மண்ணைக் கவ்விப் போய், தன் வளை இருந்த இடத்தில் வைத்தது. செவத்தியும் ஒரு பிடி மண் கொண்டு வந்து அதன் பக்கத்தில் வைத்தது. மூக்காயியின் முகத்தை மட்டும் அது கடைசி வரை பார்க்கவே இல்லை.

எல்லாரையும் காக்கப் போடும் சட்டத்தில் தனக்கு மட்டும் சலுகை கேட்பவர், அடுத்தவர் வீட்டுக்கு வெள்ளத்தை அழைக்கிறார்.