அச்சு திரும்பும் வரை

ஆடிக்காற்று அடங்காமலே ஆவணி பிறந்த ஆண்டு அது. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை எட்டு மணி. கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் சாலைக்குத் தெற்கே, செம்மண்ணைக் குவித்து மேடும் பள்ளமுமாகச் செய்திருந்த பந்தயத் திடலில், சென்னியப்பன் தம் கூடாரத்துக்கும் வேலிக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார். உட்கார்ந்தால் எழச் சொல்லியது மனம். எழுந்தால் வண்டியைப் பார்க்கச் சொல்லியது.

அவர் நூற்பாலையில் ஃபிட்டர். வயது நாற்பத்தாறு. மகள் தாரணிக்குப் பன்னிரண்டு. அவள் ஓட்டும் சின்ன டூ ஸ்ட்ரோக் பந்தய வண்டியை வேறு எவர் கையிலும் ஒப்படைக்க மனமில்லாமல், உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் ரெஜினாவிடம் விடுமுறை நாள்களில் தாமே தொழில் கற்று வந்தார். ரெஜினா வயதில் மிக இளையவர். அவரைச் சென்னியப்பன் மாஸ்டர் என்பார். சென்னியப்பனை அவர் அண்ணா என்பார். பட்டறையில் இதைக் கண்டு சிரிப்பதை எல்லாரும் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

சென்ற இரண்டு பந்தயங்களிலும் வண்டி நேர்பாதையில் மூச்சுத் திணறி நின்றுபோயிற்று. மூன்றாவது முறையும் ஓட்டத்தை முடிக்காதவரின் பெயர் அந்த ஆண்டுப் போட்டியிலிருந்தே நீக்கப்படும் என்பது விதி. அடுத்த ஆண்டோ, வளர்ந்துவிட்ட தாரணியின் கால் இந்தச் சின்ன வண்டியில் மடங்காது. பத்து மணிக்கு ஓட்டம்.

"பவர் வால்வுதாங்க மாஸ்டர். மறுபடியும் ஒட்டிக்கிச்சு. கழட்டிக் கழட்டிச் சுத்தம் பண்றேன். ஸ்பிரிங்கும் மாத்தியாச்சு. ஏன் திரும்பத் திரும்ப ஒட்டுது?"

"கழட்டுங்ணா" என்றார், பந்தயத்துக்கு உதவியாக வந்திருந்த ரெஜினா.

பவர் வால்வு என்பது புகை வெளியேறும் வழியில் அமர்ந்திருக்கும் ஒரு சிறு கதவு. இஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அது தாழ்ந்திருக்கும். சுழற்சி உச்சத்தை நெருங்கும்போது தானே உயரும். அது உயர்ந்தால்தான் வண்டிக்கு முழு மூச்சு. சென்னியப்பன் அதைக் கழற்றி வெளியே எடுத்தார். கருப்பாகக் கசடு அப்பிக் கிடந்தது.

அடுத்த கூடாரத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னங்க சென்னியப்பா, இன்னிக்கும் ஆபரேசனா? வண்டிக்குச் சுக்குக் காப்பி வெச்சுக் குடுங்க, சரியாப் போயிரும்!"

"உங்க வண்டிக்கு முதல்ல பிரேக்கு புடிக்குதான்னு பாருங்க" என்றார் சென்னியப்பன், தலை நிமிராமல்.

ரெஜினா கசடை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். காய்ந்த கரியாக அது உதிரவில்லை, தாரைப்போல் இழுபட்டது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். சென்னியப்பன் ஸ்பானரைத் தேடுபவர்போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருவரும் வால்வைச் சுத்தம் செய்தார்கள். புகை கசியாமல் தடுக்கும் கேஸ்கட் கிழிந்திருந்ததால் அதை எடுத்துவிட்டு, ரெஜினா தம் பெட்டியிலிருந்து புதியதைப் போட்டார். எல்லாம் பூட்டியபின், வால்வின் அச்சு தெரியும் பக்க மூடி மட்டும் மிச்சமிருந்தது. விரலால் தொட்டதும் அச்சு இலகுவாகத் திரும்பிற்று.

"மூடியைப் போடட்டுங்களா?"

"வேண்டாம். ஸ்டார்ட் பண்ணுங்க. அந்த அச்சு தானாத் திரும்புற வரைக்கும் ரேஸ் குடுங்க."

சென்னியப்பன் உதைத்தார். இஞ்சின் உயிர்பெற்றது. கைப்பிடியை முறுக்கினார். சத்தம் ஏறியது. அச்சு அசையவில்லை.

"இன்னும்" என்றார் ரெஜினா.

சற்று ஏறியது. அசையவில்லை.

"இன்னுங்ணா."

சென்னியப்பனின் மணிக்கட்டு தானாகத் தளர்ந்தது. "பாருங்க மாஸ்டர், ஒட்டிக்கிச்சு! நான் சொன்னனா இல்லியா? வீட்டுலயும் இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் பார்த்துட்டுத்தான் கழட்டறேன்."

தலைக்கவசத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்த தாரணி சிரித்துவிட்டாள். "அப்பா, நீங்க ரேஸ் குடுக்கறது பால்காரர் வண்டி மாதிரி இருக்குங்கப்பா."

"நீ சும்மா இரு சாமி."

"பாப்பா, நீ குடு" என்றார் ரெஜினா.

தாரணி எழுந்து வந்து கைப்பிடியைப் பற்றினாள். முறுக்கினாள். சத்தம் சட்டென்று குரல் மாறிக் கூரையைக் கிழிப்பதுபோல் எழுந்து, அடங்கியது.

ரெஜினா அச்சைப் பார்க்கவில்லை. சென்னியப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்புச்சுங்களா மாஸ்டர்?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"பக்கத்துல நின்னது நீங்கதானே?"

"கண்ணை மூடிட்டனுங்க."

"பாப்பா, இன்னொரு தடவை."

இம்முறை அவர் மூடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். சத்தம் உச்சிக்கு ஏறியது. எண்ணெய் பளபளக்கும் அந்தச் சிறிய அச்சு, தூங்கி எழுந்தவன் தலை திருப்புவதுபோல், சுலபமாகத் திரும்பி நின்றது. கைப்பிடி தளர்ந்ததும் பழைய இடத்துக்கு வந்தது.

"வால்வு நல்லாத்தான் இருக்கா?"

"இருக்கு."

"அப்படின்னா பந்தயத்துல மட்டும் ஏங்க ஒட்டுது?"

ரெஜினா தாரணியிடம் திரும்பினார். "நேர்பாதையில முழுசா முறுக்குவியா, பாப்பா?"

"முறுக்குவேன் அக்கா. அதுக்குள்ள அப்பா வேலியோரம் நின்னு கையை இப்படிக் காட்டுவாங்க." அவள் உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அமுக்கிக் காட்டினாள். "நான் விட்டுருவேன்."

"முழுசா முறுக்காம விட்டா கசடு எரியாது, அங்கயே தங்கிரும்" என்றார் ரெஜினா.

காற்று கூடாரத் துணியைப் படபடவென்று அடித்தது. ரெஜினா, எண்ணெய் கலந்து வைத்திருந்த பெட்ரோல் கேனைத் திறந்து முகர்ந்தார்.

"எண்ணெய் எவ்வளவுங்ணா கலந்தீங்க?"

"நீங்க சொன்ன அளவுதானுங்க."

ரெஜினா கேனை மூடவில்லை. கையில் பிடித்தபடி நின்றார். ஒலிபெருக்கி அடுத்த ஓட்டக்காரர்களை அழைத்தது.

"ஒரு மூடி சேர்த்து ஊத்தினேன்" என்றார் சென்னியப்பன். "ஒவ்வொரு தடவையும். என் தம்பி வண்டி எண்ணெய் பத்தாம ஓட்டத்துலயே இஞ்சின் புடிச்சிருச்சு, மாஸ்டர். பின்சக்கரம் பூட்டின மாதிரி நின்னு, தூக்கி எறிஞ்சிருச்சு. இன்னிக்கும் காலைச் சாய்ச்சுத்தான் நடக்கறான். எண்ணெய் கூடினா வால்வு ஒட்டும், அவ்வளவுதான். குறைஞ்சா?"

"நான் சொன்ன அளவு குறைச்சலா?"

"இல்லீங்க."

"பின்னே?"

சென்னியப்பன் கேனை வாங்கிக் கீழே வைத்தார். குழாயைச் சொருகி டேங்கில் இருந்ததை எல்லாம் வேறு கேனில் இறக்கினார். புதுப் பெட்ரோல் எடுத்து, அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடித்து, எண்ணெய் ஊற்றினார். கோடு வந்ததும் நிறுத்தினார். அவர் கை எண்ணெய்ப் புட்டியைவிட்டு வர மறுத்தது. புட்டியை மூடிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியையும் மூடினார்.

பத்து மணிக்குக் கொடி விழுந்தது.

முதல் சுற்றில் தாரணி ஒன்பதாவதாக வந்தாள். வேலியோரம் நின்ற தந்தையை வளைவிலிருந்தே தேடியது அவள் தலை. சென்னியப்பனின் வலக்கை எழுந்தது. தோள் உயரம் வந்தது. உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்பியது.

அங்கேயே அதை நிறுத்தினார். இடக்கையால் வலக்கையைப் பிடித்துக் கீழே இறக்கி, விடாமல் பற்றிக்கொண்டார். அப்படி நிற்பது அவருக்குச் சுமை தூக்குவதைவிடக் கடினமாக இருந்தது, முதுகெல்லாம் வியர்த்தது.

நேர்பாதையில் வண்டியின் குரல் மாறியது. ஏறிக்கொண்டே போயிற்று. நிற்கவில்லை.

மூன்றாம் சுற்றில் ஒரு மேட்டின் இறக்கத்தில் தாரணி விழுந்தாள். சென்னியப்பன் வேலிக் கம்பியில் ஒரு காலை வைத்துவிட்டார். அதற்குள் அவள் எழுந்து, வண்டியை நிமிர்த்தி, உதைத்துக் கிளப்பிப் போய்விட்டாள். வைத்த காலை எடுக்கவும் தோன்றாமல் ஓட்டம் முடியும்வரை அப்படியே நின்றார். அவள் பதினொன்றாவதாக முடித்தாள்.

செம்மண்ணில் குளித்தவளாய் வந்து இறங்கியதும், "அப்பா, கத்துச்சு கேட்டீங்களா! என்னமா கத்துது!" என்றாள்.

"கேட்டுச்சு சாமி" என்றார். அவள் தோளில் அப்பியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை மாலை, ஆலையிலிருந்து நேரே உக்கடம் பட்டறைக்கு வந்து, கேஸ்கட்டின் விலையையும் பந்தய நாள் கூலியையும் சென்னியப்பன் மேசைமேல் வைத்தார். ரெஜினா கேஸ்கட்டின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கூலிங்க, மாஸ்டர்."

"அன்னிக்குக் கஷ்டமான வேலையைப் பார்த்தது நீங்கதானேங்ணா?"